மனம் விட்டுப் பேசுவோம்: உள்ளே பேசுகிற குரல் யாருடையது?

சென்ற இதழில் நித்திரையின்மை பற்றி எழுதியிருந்தேன். வாசித்தவர்களிற் சிலர் தொலைபேசியில் பேசினார்கள். நித்திரை வராதது ஒரு பக்கம் இருக்கட்டும், வராமல் கிடக்கிற அந்த நேரத்தில் தலைக்குள் ஒரு பேச்சு ஓடுகிறதே, அதை என்ன செய்வது என்பதே அவர்களின் கேள்வியாக இருந்தது. நியாயமான கேள்வி. ஆகவே இந்த முறை அந்தப் பேச்சைப் பற்றியே எழுதுகிறேன்.

எல்லா வீட்டிலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கிறது. "நான் ஒண்டுக்கும் உதவாதவன்." "இந்த வயதிலை இனி எனக்கு என்ன பாஷை வரப்போகுது?" "அங்கை ரீச்சர் எண்டு நாலு பேர் எழும்பி நிண்டவை, இங்கை ஆக்களின்ரை அறை துடைக்கிறன்." "என்ரை பிள்ளையளுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக வெட்கமாயிருக்கும்." இவற்றை எவரும் சபையில் சொல்வதில்லை. பஸ்ஸில், கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால், மொழி வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது, இரவு எல்லோரும் படுத்த பின் உள்ளே ஓடும். நூறு தரம் ஓடினாலும் ஒரு தரமாவது நாங்கள் அதை நிறுத்தி, "இது உண்மையா?" என்று கேட்பதில்லை. எங்கள் குரலிலேயே வருவதால் எங்கள் முடிவு என்றே எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஆரோன் பெக் என்றொரு மனநல மருத்துவர் இருந்தார். 2021-ஆம் ஆண்டு, நூறு வயதில் காலமானவர். 1960-களின் தொடக்கத்தில், மனச்சோர்வு கொண்டவர்களோடு பேசிப் பேசி அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். நோயாளி வாயால் சொல்லும் கதைக்கு அடியில் இன்னொரு பேச்சும் கூடவே ஓடுகிறது. மிக விரைவாக, சுருக்கமாக, கூப்பிடாமலே வந்துபோகும் நினைப்புகள். அவற்றுக்குத் தானியங்கி எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். மனச்சோர்வை வளர்ப்பதில் அந்த எண்ணங்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்றும், அவற்றைப் பிடித்து வெளிச்சத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்தால் அவற்றின் பலம் குறைகிறது என்றும் கண்டார். இன்று உலகம் முழுவதும் செய்யப்படும் பேச்சுச் சிகிச்சையில் பெரும்பகுதி இந்த அடித்தளத்தில் எழுந்ததுதான்.

ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு கேள்வியும் சேர்கிறது. பெக் கேட்கச் சொன்னது, "இந்த நினைப்பு உண்மையா?" என்று. அகதியாக வந்தவர் அதற்கு முதல், "இதை எனக்கு முதன்முதலில் சொன்னது யார்?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள, எங்களுக்கு முன்னரே இந்தப் பாதையால் நடந்த தமிழர் ஒரு பகுதியினரைப் பார்க்கலாம். நான் சொல்வது ரங்கூன் தமிழர்களை. இன்றைக்கு அந்த நகரத்தின் பெயர் யாங்கோன், நாட்டின் பெயர் மியன்மார். எங்கள் பாட்டன்மார் வாயில் அது எப்போதும் ரங்கூன், பர்மாதான்.

1931-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ரங்கூனின் சனத்தொகை சுமார் 4 இலட்சம். அதில் பாதிக்கு மேல், 2 இலட்சத்துக்கும் அதிகமானோர், இந்திய வம்சாவளியினர். தமிழர், தெலுங்கர், வங்காளிகள், குஜராத்திகள் என்று எல்லோரும் இருந்தார்கள். தமிழரிலே செட்டிமார் லேவாதேவிக் கிட்டங்கிகள் வைத்திருந்தார்கள். சோழியா முஸ்லிம்கள் வணிகம் செய்தார்கள். இவர்களைவிட மிக அதிகமானோர் வயலிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் உடம்பால் உழைத்த கூலிகள். 1871-இல் தமிழர் கட்டிய ஸ்ரீ காளி கோயில் யாங்கோன் நகர மத்தியில், அனோரதா வீதியில், இப்போதும் இருக்கிறது.

இந்த மக்களைப் பர்மியர் "கலா" என்று அழைத்தார்கள். பழைய நாளில் அந்தச் சொல்லுக்கு மேற்குத் திசையிலிருந்து வந்த அந்நியன் என்ற அளவிலேதான் பொருள் இருந்தது. ஐரோப்பியரைக்கூட "வெள்ளைக் கலா" என்று சொன்னார்கள். பர்மிய மொழியில் இன்றும் கதிரைக்குப் பெயர் "கலாதைங்", அதாவது கலா இருக்கும் பொருள். (நாங்கள் போர்த்துக்கேயரிடமிருந்து கதிரையையும் அதன் பெயரையும் சேர்த்தே வாங்கினோம், அவர்கள் பொருளை வாங்கி அந்நியன் பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.) கடலைக்குப் பெயர் "கலாபே". கதிரையிலும் கடலையிலும் யாருக்கும் நோகாத அதே சொல், காலப்போக்கில் தெருவில் ஒரு மனிதனைப் பார்த்துச் சொல்லும்போது வசையாக மாறியது.

மாறியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை விழுந்தபோது கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது. 1930-களின் பிற்பகுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டிமார் வசம் இருந்தது. நிலம் இழந்தவனுக்குக் கோபம் வராதா? வந்தது. ஆனால் 1930-இலும் 1938-இலும் ரங்கூனில் கலவரம் வெடித்தபோது அடி விழுந்தது யாருக்கு? ஒரு முழ நிலமும் இல்லாத கூலிக்கும் தெருவோரக் கடைக்காரனுக்கும் விழுந்தது. வசைச்சொல் கணக்குப் பார்த்து விழுவதில்லை. இது எங்களுக்குப் புதிதாகச் சொல்லித் தரவேண்டிய விஷயமும் இல்லை.

1941 டிசம்பர் 23-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் நாலு இலட்சத்துக்குக் குறையாத இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறியதாக மதிப்பிடுகிறார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலர். மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலை தாண்டி ஒரு வழி, சிந்துவின் ஆற்றைக் கடந்து தமு வழியாக மணிப்பூருக்கு ஒரு வழி, வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கால் அசாமுக்கு ஒரு வழி. வாந்திபேதி, மலேரியா, பசி, மழை. வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம். வெள்ளையர் போக ஒரு வழி, இந்தியர் போக இன்னொரு வழி என்று பிரித்து விட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றைய இந்திய அரசியலில் பெரிதாக எழுந்தது. உயிர் தப்ப ஓடும்போதுகூட, "நீ இரண்டாம் தரம்" என்று ஒருவர் வழி காட்டி நிற்கிறார் என்றால், அந்தச் சொல் நடந்தவன் மனதில் எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படி நடந்தவர்களில் ஒருவர் வெ. சாமிநாத சர்மா. 1932 முதல் ரங்கூனில் வாழ்ந்தவர், அங்கே 1937-இல் "ஜோதி" என்ற மாத சஞ்சிகையைத் தொடங்கி நடத்தியவர். 1942-இல் மனைவி மங்களம் அம்மாளோடு புறப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. வீடு போயிற்று, சஞ்சிகை போயிற்று, பத்து வருடம் சேர்த்த சிநேகமும் வாசகரும் போயினர். எங்களில் பலர் வந்திறங்கிய வயதும் நிலையும் அதுதான். சென்னைக்கு வந்த சர்மா பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் எழுதினார். உலக நாடுகளின் வரலாறும் அறிஞர்களின் வாழ்க்கையும் தமிழில் வாசித்த ஒரு தலைமுறை அவரிடம்தான் வாசித்தது. தான் நடந்து வந்த கதையையும் நூலாக எழுதி வைத்தார். அவரைப் பெரிய மனிதர் என்று காட்டி உங்களை வெட்கப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் தலைக்குள் ஓடும் பேச்சு எப்போதும் இரண்டு விஷயங்களைக் கலந்து ஒன்றாக்கிவிடும் என்பதைக் காட்டவே சொல்கிறேன். ரங்கூனில் அவருடைய சஞ்சிகை நின்றது. எழுதத் தெரிந்தது நிற்கவில்லை. "அங்கை ரீச்சர்" என்று சொல்லும் சகோதரி, உங்களுக்கும் நின்றது வேலை. ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பாடம் விளங்கவில்லை என்று கண்டுபிடிக்கிற கண் உங்களிடமே இருக்கிறது.

போருக்குப் பிறகு பலர் பர்மாவுக்குத் திரும்பிப் போனார்கள். அங்கேயே பிள்ளை குட்டி பெற்று வாழ்ந்தார்கள். 1962 மார்ச் 2-ஆம் திகதி ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. கடைக்கு முன்னால் அரசாங்கப் பலகை வந்தது, முதலாளி வெளியே நின்றார். அதே ஆண்டு மே மாதம் 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சேமிப்பும் போனது. அடுத்த ஆண்டு தனியார் பள்ளிக்கூடங்களும் அரசுடைமையானதோடு தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் முடிந்தன. திரும்பவும் கப்பல். இம்முறை நகையும் பணமும் கொண்டுபோக விடவில்லை. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒன்றரை இலட்சத்துக்குக் கிட்டிய தொகையினர் வந்து இறங்கினார்கள்.

இறங்கிய இடத்தில் அவர்களுக்கு இன்னொரு பெயர் காத்திருந்தது. ரங்கூனில் "கலா" என்று கேட்டவர்கள், சென்னையில் "பர்மா அகதி", "பர்மாக்காரன்" என்று கேட்டார்கள். அங்கே இந்தியன், இங்கே பர்மாக்காரன். எந்த ஊரிலும் தன் சொந்தப் பெயரால் அழைக்கப்படாத நிலை. இந்த இரண்டாவது அடி முதலாவதைவிட நோகும், ஏனென்றால் இது எங்கள் ஆட்கள் என்று நம்பி வந்தவர்களிடமிருந்து வருகிறது.

சிலரால் தாங்க முடியவில்லை. பிறந்து வளர்ந்த பர்மாவுக்கே திரும்பிப் போவோம் என்று தரை வழியாக மணிப்பூர் எல்லை வரை போனார்கள். எல்லையில் மறிக்கப்பட்டார்கள். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக மனமில்லாமல் அந்த எல்லையிலேயே, மோரே என்ற சிற்றூரில், தங்கினார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காளபரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயிலும் உண்டு. "ஊருக்கே போய்விடலாமா" என்று இரவில் நினைக்கிறவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். அப்படி நினைப்பது கோழைத்தனமோ நன்றிகெட்ட தனமோ அல்ல.

சென்னையில் நின்றவர்கள் என்ன செய்தார்கள்? 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வீதியில் அவர்களுக்கென்று சின்னச் சின்னக் கடைகள் ஒதுக்கப்பட்டன. அந்தச் சந்தைக்குப் பெயர் பர்மா பஜார். கேலிக்குச் சொன்ன அதே சொல் கடைத்தெருவின் பெயரானது. ஒரு காலத்தில் வெளிநாட்டு வானொலி, கைக்கடிகாரம் வேண்டுமென்றால் சென்னையே அங்கேதான் போனது. எல்லாம் புண்ணியமான வியாபாரம் என்று சொல்ல வரவில்லை, கடத்தற் பொருள் என்ற பெயரும் கூடவே வந்தது. அதன் பக்கத்துத் தெருக்களில் தள்ளுவண்டியில் அத்தோ விற்றார்கள். நூடில்ஸில் வெங்காயமும் கோவாவும் புளியும் பொரித்த பூண்டும் போட்டுக் கையாலே பிசைந்து கொடுக்கும் பர்மியச் சாப்பாடு. இன்றைக்கு வடசென்னைக்காரர் அத்தோவைத் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்றே சொல்கிறார்கள். வெட்கப்பட்டு வீட்டுக்குள் மட்டும் சமைத்திருந்தால் இது நடந்திராது. ரங்கூனுக்குக் கிட்டவுள்ள பீலிக்கானில் கும்பிட்ட தெய்வங்களுக்கு வியாசர்பாடியில் கோயில் கட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து பர்மாவுக்குப் போன தெய்வம், பர்மா ஊர்ப் பெயரோடு தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தது.

போகாமல் யாங்கோனிலேயே நின்றுவிட்டவர்கள் கதை வேறு. 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று தரமாக்கியது. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, அடுத்தவருக்கு நீலம், அதற்கும் அடுத்தவருக்குப் பச்சை. சட்டைப்பையில் இருக்கும் அட்டையின் நிறமே நீ எத்தனையாவது ஆள் என்று சொல்லும். பல தமிழர் பள்ளிக்கும் வேலைக்கும் ஒரு பர்மியப் பெயர், வீட்டுக்கும் கோயிலுக்கும் ஒரு தமிழ்ப் பெயர் என்று இரண்டோடு வாழப் பழகினார்கள். தமிழ் எழுத வாசிக்கத் தெரியாத தலைமுறைகள் வந்தன. பின்னர் கோயில்களில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். "கலா" என்ற சொல்லும் போகவில்லை. ஆனால் 2020-இல் மியன்மாரின் இளையோர் சிலர், "என்னைக் கலா என்று அழைக்காதே" என்று சமூக வலைத்தளங்களில் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். ஏறத்தாழ நூறு வருடம் தலைகுனிந்து கேட்ட சொல்லை, பேரப்பிள்ளைகள் நிமிர்ந்து நின்று, "இது என் பெயர் அல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. அந்த நாட்டு மக்கள் எல்லோருக்குமே அதன் பிறகு வேறு கவலைகள் வந்துவிட்டன.

ரங்கூன் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. எங்கள் உள்ளே ஓடும் பேச்சின் ஊற்று எங்கே என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. தெருவில் ஒருவன் சொல்கிறான். படிவத்தில் ஒரு கட்டம் சொல்கிறது. அட்டையின் நிறம் சொல்கிறது. வரிசையில் நிற்கும்போது அலுவலர் விடும் பெருமூச்சு சொல்கிறது. நாளடைவில் அவர்கள் யாரும் தேவையில்லை, நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 1964-இல் ரங்கூனில் கடைகள் பறிபோன அதே ஆண்டு ஒக்டோபரில், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் எங்கள் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அவர்களைக் "கள்ளத்தோணி" என்றும் "தோட்டக்காட்டான்" என்றும் சொன்னது சிங்களவர் மாத்திரமா? யாழ்ப்பாணத்திலும் அந்த வாய் இருந்தது. இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் வந்திறங்கும் எம்மவரைப் பார்த்து, முன்னர் வந்த எம்மவரே, "இப்ப வந்தவை", "கப்பலிலை வந்தவை" என்று சொல்லும் குரலில் அதே தொனி இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளை அதைத்தான் இரவில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுக்கிறது.

சரி, அந்தக் குரலை என்ன செய்வது?

முதலில், என்ன செய்யவேண்டாம் என்று சொல்கிறேன். கண்ணாடிக்கு முன்னால் நின்று, "நான் சிறந்தவன், நான் வெல்வேன்" என்று தினமும் பத்துத் தரம் சொல்லச் சொல்லும் புத்தகங்களும் பேச்சாளர்களும் நிறைய. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வூட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். தன்னைப் பற்றி ஏற்கெனவே நல்லெண்ணம் உள்ளவர்களுக்கு அப்படிச் சொல்வது சிறிது உதவியது. தன்னைத் தாழ்வாக நினைப்பவர்கள் அதைச் சொல்லச் சொல்ல இன்னும் மோசமாக உணர்ந்தார்கள். உள்ளே ஒரு குரல் உடனே எழுந்து, "பொய் சொல்லாதே" என்று மறுத்துப் பேசுவதுதான் காரணம் என்று தோன்றுகிறது. ஆகவே பொய்யான புகழ்ச்சி எங்களுக்கு வேண்டாம். எங்களுக்கு வேண்டியது உண்மையான கணக்கு.

ஒரு சாதாரண கொப்பி வாங்குங்கள். அந்தப் பேச்சு வரும்போது, வந்த வசனத்தை அப்படியே எழுதுங்கள். திருத்தி, அழகாக்கி எழுத வேண்டாம். எங்கே நின்றபோது வந்தது, நேரம் என்ன என்றும் குறியுங்கள். பிறகு அந்த வசனத்தில் செய்தி எது, தீர்ப்பு எது என்று பிரித்துப் பாருங்கள். "கடைக்காரி கேட்டது எனக்கு விளங்கவில்லை" என்பது செய்தி. "நான் மொக்கு" என்பது தீர்ப்பு. "ஊர்ச் சான்றிதழை இங்கே ஏற்கவில்லை" என்பது செய்தி. "நான் படித்ததெல்லாம் வீண்" என்பது தீர்ப்பு. செய்தி உண்மையாக இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம், அதை மறைக்கவேண்டியதில்லை. செய்திக்கு ஏதாவது செய்யலாம்: வகுப்புக்குப் போகலாம், சான்றிதழை மதிப்பிட விண்ணப்பிக்கலாம், மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம், கோபப்படவும் செய்யலாம். தீர்ப்புக்கு ஒன்றும் செய்ய முடியாது, அது ஆளைப் படுக்கவைக்க மட்டுந்தான் உதவும். மூன்றாவதாக, அந்தத் தீர்ப்பை முதலில் யார் சொன்னார்கள் என்று எழுதுங்கள். சில வேளை பெயரே ஞாபகம் வரும். எட்டாம் வகுப்பு வாத்தியார், மாமியார், ஒரு விசாரணை அலுவலர், சோதனைச்சாவடியில் நின்ற ஒரு பெடியன். இரண்டு கிழமை எழுதிப் பார்த்தால், தலைக்குள் ஓடுவது மொத்தம் நாலைந்து வசனங்கள்தான், அதுவும் பெரும்பாலும் பிறர் வசனங்கள் என்பது தெரியவரும்.

இன்னொரு வழி எங்களுக்கு மிகவும் பழக்கமானது. தன்னைத்தானே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வெளியே நின்று பேசுகிற மாதிரிப் பேசுபவர்களுக்குப் பதற்றம் குறைகிறது என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈதன் குரொஸ் குழுவினர் 2014-இல் எழுதினார்கள். "நான் என்ன செய்வேன்" என்று அரற்றுவதைவிட, "தங்கம்மா, இப்ப நீ என்ன செய்யப் போறாய்?" என்று கேட்பது நல்லது என்கிறார்கள். அவர்களுக்கு இது புதிது. திருக்குறளில் நெஞ்சோடு பேசுவதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, நெஞ்சொடு கிளத்தல், 125-ஆவது. சித்தர்கள் மனதைக் கூப்பிட்டு வைத்துப் பாடிய பாட்டுக்குக் கணக்கில்லை. எங்கள் ஆச்சிமார் அடுப்படியில் தங்களோடு தாங்களே பேசியதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மனதை ஒரு ஆளாக முன்னால் இருத்தி, வேண்டியபோது பேசி, வேண்டியபோது ஏசி, வேண்டியபோது தேற்றி அனுப்புவது எங்கள் மொழியில் ஊறிய பழக்கம். மொழி வகுப்புக்குப் போகும் வழியில் செய்து பாருங்கள். உங்கள் தங்கைச்சி இதே நிலையில் இருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்களோ அதைச் சொல்லுங்கள். அவளிடம் "நீ ஒன்றுக்கும் உதவாதவள்" என்று சொல்வீர்களா?

பிள்ளைகள் முன்னால் கவனம் தேவை. வைத்தியரிடமும் அலுவலகத்திலும் எங்களுக்காக மொழிபெயர்ப்பது பல வீடுகளில் பத்து வயதுப் பிள்ளைதான். "அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை, நீயே சொல்லு" என்று நாங்கள் சும்மா சொல்வதை அது செய்தியாகவே எடுக்கும். "எனக்கு இந்தப் பாஷை இன்னும் வரேல்லை, நீ சொல்லு, நான் கேட்டுப் பழகுறன்" என்று சொல்ல அதைவிட அதிக நேரம் எடுக்காது. பள்ளிக்கூடத்தில் எவனாவது வசைச்சொல் சொன்னான் என்று பிள்ளை வந்து சொன்னால், "விடு, காதிலை போடாதை" என்று முடித்துவிடாதீர்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்கள் பிள்ளைகள் "பாக்கி" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தார்கள், வீட்டில் சொல்லவேயில்லை. சொல்ல விடுங்கள். அது அவன் வாயில் பிறந்த சொல் என்பதைப் பிள்ளையோடு இருந்து பேசுங்கள். ஆசிரியரிடமும் போய்ச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டால் பல இடங்களில் ஒழுங்கு செய்வார்கள்.

ஒரு குரல் மட்டும் இந்தக் கொப்பிக் கணக்குக்குள் அடங்காது. "அவையெல்லாம் போக, நான் மட்டும் ஏன் தப்பி வந்தனான்?" என்பது அது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், எங்கள் காயம் தனி ஆளின் காயம் மட்டுமல்ல, குடும்பத்தினதும் சமூகத்தினதும் காயம் என்று தொடர்ந்து எழுதியிருக்கிறார். அதைத் தனி அறையில் இருந்து எழுதி ஆற்ற முடியாது. செத்தவீடு செய்ய முடியாமல் போனவர்களுக்கு இங்கே ஒரு திவசம் செய்யலாம், தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுக்கலாம், தெரிந்த நாலு பேரைக் கூட்டிவைத்து அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு நேரம் சோறு போடலாம். இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் குழம்பி, எதிலும் மனம் பற்றாமல், செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு வரத் தொடங்கினால், தாமதிக்காமல் குடும்ப வைத்தியரிடம் போங்கள். உயிருக்கு ஆபத்தான எண்ணம் என்றால் அவசரசேவையை அழையுங்கள். நீரிழிவுக்குப் போகிறோம், இரத்த அழுத்தத்துக்குப் போகிறோம், இதுவும் அப்படித்தான். பெரும்பாலான நாடுகளில் வைத்தியர் நீங்கள் சொல்வதைப் பொதுவாக உங்கள் சம்மதமில்லாமல் வேறு எவருக்கும் சொல்லக்கூடாது என்பது சட்டம். பயந்து ஒளிக்கவேண்டாம்.

கொப்பி எழுதிப் பார்த்தவர்கள், விரும்பினால், அடிக்கடி வரும் ஒரு வசனத்தையும் அதை முதலில் சொன்னவர் யார் என்பதையும் பெயர் போடாமல் எழுதி இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். ஊர், தொழில் எதுவும் வேண்டாம். அடுத்த இதழில், பிள்ளைகள் தமிழில் கேட்க ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வீடுகளைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன்.